வயிறாரச் சாப்பிடும் வீட்டில் சத்துக் குறைவு எப்படி வருகிறது?

கேள்வியின் சுருக்கம்: காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மாமியாருக்கு வயது 64. ஓயாத அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் பாதங்கள் மதமதவென்று இருக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4, இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9, பி12 வைட்டமின் 168, டி வைட்டமின் 14. கால்சியம் மட்டும் சரியான அளவில் இருக்கிறது. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோலும் எடுத்துக்கொள்கிறார். மூட்டு வலித்தால் மருந்துக் கடையில் கேட்டு ஒரு வலி மாத்திரை. கணவர் காலமான பிறகு கவிச்சி தொடுவதில்லை. "மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிற வீட்டில் இத்தனை குறை எப்படி வரும்? எல்லாம் கலந்த சத்து மாத்திரை ஒன்று போட்டால் சரியாகிவிடாதா?" என்பது கேள்வி. பதினைந்து வயது மகள் பச்சரிசியை அள்ளி மெல்கிறாள், அவளுக்கும் அதே மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கலவைச் சத்து மாத்திரை ஒன்றை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். உங்கள் மாமியார் ஆச்சியின் நிலையில் அது போதாது. அதோடு, ஒரு முக்கியமான நோயை மூடி மறைத்துவிடவும் கூடும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதல் கேள்விதான் ஆழமானது. வயிறு நிறைவது வேறு, உடம்பின் இருப்பு நிறைவது வேறு. ஐந்தொகை (வரவு, செலவு, இருப்புக் கணக்கு) போட்டுப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது என்பதால் உங்களுக்கு இதைச் சொல்வது எளிது. கையிருப்பு குறைந்திருக்கிறது என்றால் நான்கு காரணங்கள்தான் இருக்க முடியும். வரவு குறைந்திருக்கலாம். வந்தது கணக்கில் சேராமல் போயிருக்கலாம். எங்கேயோ கசிந்துகொண்டிருக்கலாம். அல்லது செலவு திடீரென்று கூடியிருக்கலாம். சத்துக் குறைவும் அப்படித்தான். சாப்பாட்டில் இல்லாமல் போவது, சாப்பிட்டும் குடல் உறிஞ்சாமல் விடுவது, ரத்தமாகவோ கழிவாகவோ வெளியேறுவது, வளர்ச்சியாலோ கர்ப்பத்தாலோ தேவை கூடுவது. குறைந்த எண்ணைப் பார்த்தவுடன் மாத்திரை எழுதுவதற்கு முன்னால், இந்த நான்கில் எது என்று கேட்க வேண்டும். ஆச்சியின் அறிக்கையில் உள்ள இரும்பு, பி12, டி ஆகிய மூன்று குறைகளும் மூன்று வெவ்வேறு வழிகளில் வந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

வயிறு நிறைந்தும் நோய் வரும் என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்று, நம் ஊர்க்காரர்கள் கொண்டு விற்கப் போன அதே மலாயா. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் மரத்துப் போகும், வீங்கும், இதயம் நின்றுவிடும். தீட்டிய வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களிடையே அது பரவலாக இருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களிடையே அரிதாக இருந்தது. பிராடன் என்ற மருத்துவர் 1907-ல் இதை எழுதினார். அதே காலத்தில் கோலாலம்பூர் மனநல விடுதி ஒன்றில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு பகுதியினருக்குச் சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசியும், மற்றவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிக்காரர்களுக்கு நோய் வந்தது, புழுங்கல் அரிசிக்காரர்கள் தப்பினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. இரண்டு பிரிவினரும் வயிறு நிறையச் சோறுதான் சாப்பிட்டார்கள். வித்தியாசம் மெல்லிய தவிட்டு உறையில் இருந்தது. அரிசி களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றாமல் வெண்டைக்காய் மண்டி வைக்கிற நம் சமையலும், அந்தத் தண்ணீரில் கரைந்து போகிற சத்தில் கொஞ்சத்தையாவது இலைக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. அறிந்து செய்தார்களோ அறியாமல் செய்தார்களோ, நல்ல வழக்கம், விடாதீர்கள்.

இனி ஆச்சிக்கு வருவோம். மூன்றில் எனக்கு அவசரமாகத் தோன்றுவது பி12. அசதியைவிடப் பாதத்தின் மதமதப்புதான் காரணம். ரத்தம் குறைந்தால் ஏற்றிவிடலாம். நரம்பு கெட்டுப்போனால் முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

பி12 வைட்டமினைச் செடிகள் செய்வதில்லை. நுண்ணுயிர்கள் செய்கின்றன. நமக்கு அது இறைச்சி, ஈரல், மீன், நண்டு, முட்டை, பால் வழியாகத்தான் வருகிறது. பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் பி12 நிறைய இருப்பதாக ஒரு பேச்சு பரவியிருக்கிறது. இரண்டும் நல்ல உணவுகள். ஆனால் பி12-க்கு அவற்றை நம்பி இருக்க முடியாது. நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பெரும்பாலும் ஈரலில் சேர்ந்திருக்கும் இருப்பு சில ஆயிரம் மைக்ரோகிராம். அதனால் கவிச்சியை விட்ட மறுமாதமே குறை தெரியாது. பல ஆண்டுகள் கழித்துத் தெரியும். அதற்குள் காரணம் மறந்துபோயிருக்கும். "அவர் கவிச்சியை நிறுத்திப் பல வருடம் ஆகிறதே, இப்போது ஏன் வருகிறது?" என்று நீங்கள் கேட்டால், இத்தனை நாள் இருப்பிலிருந்து எடுத்துச் செலவழித்தார் என்பதே பதில். பால் குடிக்கிறாரே என்பீர்கள். பசும்பாலில் அரை லிட்டருக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் இருக்கும். காலையும் மாலையும் காபியில் சேரும் பாலை அளந்து பாருங்கள், அரை லிட்டர் வராது.

இது வரவுப் பக்கம் மட்டும். உறிஞ்சும் பக்கமும் ஆச்சிக்கு அடைபட்டிருக்கிறது. பி12 உணவில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைப் பிரிக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். பிறகு இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு தனிப் புரதம் அதைப் பிடித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கொண்டுபோக வேண்டும். அங்கேதான் அது ரத்தத்துக்குள் நுழையும். பான்டோபிரசோல் அமிலத்தை அடக்குகிறது. மெட்ஃபார்மின் அந்தக் கடைசி வாசலில் உறிஞ்சுதலைக் குறைக்கிறது. இரண்டும் நல்ல மருந்துகள்தான், நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிற எவரும் அவ்வப்போது பி12 பார்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை இன்னும் தேவைதானா என்பதையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சில வாரங்களுக்கு என்று எழுதிக் கொடுத்ததை ஆண்டுக்கணக்கில் தொடர்கிற வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம்.

இப்போது கலவை மாத்திரைக்கு வருகிறேன். அதில் ஃபோலிக் அமிலம் இருக்கும். 1930 வாக்கில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் தீர்வதைக் கண்டறிந்தார். அந்தத் தேடலின் முடிவில் கிடைத்ததுதான் ஃபோலிக் அமிலம். அருமையான மருந்து. ஆனால் பி12 குறைவாக உள்ளவருக்கு அதைத் தனியாக அதிக அளவில் கொடுத்தால் ரத்தம் ஏறிவிடும், நரம்புச் சேதம் மட்டும் உள்ளே தொடரும். எண் நன்றாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது, மரத்துப்போன கால் நடையைத் தடுமாற வைக்கும். கலவை மாத்திரைகளில் பி12-ம் இருக்கிறது என்றாலும் பெரும்பாலும் அது உறிஞ்சும் தடையைத் தாண்டுகிற அளவில் இருக்காது. அதனால்தான் மருத்துவர்கள் ஊசி போடுகிறார்கள், அல்லது 1000 மைக்ரோகிராம் மாத்திரை தருகிறார்கள். இரண்டு மைக்ரோகிராம் தேவைக்கு ஆயிரமா என்று திகைக்க வேண்டாம். அந்தத் தனிப் புரதத்தின் துணையில்லாமலும் நூற்றுக்கு ஒரு பங்கு தானாக உள்ளே போகும், அந்தப் பத்து மைக்ரோகிராமே போதும் என்பதுதான் கணக்கு. நரம்பு அறிகுறி இருப்பதால் ஆச்சிக்கு முதலில் ஊசி நல்லது என்பது என் கருத்து. மதமதப்புக்கு நாள்பட்ட சர்க்கரையும் காரணமாக இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் சர்க்கரை மேல் போட்டுவிட்டுத் தீர்க்கக்கூடிய காரணத்தை விட்டுவிடக் கூடாது.

இரும்புக்கு வருகிறேன். இங்கேதான் நான் உங்களை மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன்.

ஃபெரிட்டின் என்பது இரும்பின் இருப்பைக் காட்டும் அளவு. 15-க்குக் கீழே போனால் கிடங்கு காலி என்று பொருள். காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் அது பொய்யாக உயர்ந்து காட்டும், பொய்யாகத் தாழ்ந்து காட்டாது. எனவே 9 என்றால் சந்தேகமில்லை. மனித உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தின் சிவப்பணுக்களில் இருக்கிறது. நாள் ஒன்றுக்கு நாம் இழப்பது ஒரு மில்லிகிராம் போல. உடம்பு இரும்பை அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பழைய அணு உடைந்தால் அதிலிருந்து எடுத்துப் புதிய அணுவுக்குப் போடும். மாதவிலக்கு உள்ள பெண்ணுக்கு இந்த இழப்பு கூடும், புரிகிறது. மாதவிலக்கு நின்று பல வருடம் ஆன ஒருவருக்குக் கிடங்கு காலியாவது ஏன்?

கவிச்சி விட்டது ஒரு காரணம். இறைச்சியில் உள்ள இரும்பு எளிதாக உறிஞ்சப்படும், கீரை, பருப்பு, தானியத்தில் உள்ளது குறைவாகத்தான். சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபியும் தேநீரும் அதையும் கட்டிப்போடும். அமிலம் குறைந்த இரைப்பையும் இரும்பைக் கரைக்காது. ஆனால் இந்தக் காரணங்களோடு நிறுத்திவிடாதீர்கள். மூட்டு வலிக்கு அவர் விழுங்கும் மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் துளித்துளியாக ரத்தம் கசியச் செய்யும். ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. நாளுக்குச் சில மில்லி லிட்டர் கசிந்தாலே போதும், எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் ஈடுகட்ட முடியாது. மூலம் இருக்கலாம். குடலில் கட்டியோ புற்றுநோயோ இருக்கவும் வாய்ப்புண்டு. பெருங்குடலின் வலப்பக்கத்தில் வரும் புற்றுநோய் வலியோ மலத்தில் ரத்தமோ காட்டாமல், இரும்புக் குறைவை மட்டும் முதல் அறிகுறியாகக் காட்டுவது உண்டு. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பலருக்குச் சாதாரணக் காரணமே இருக்கும். ஆனால் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ இரும்புக் குறைவு என்று தெரிந்தால் ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும், உள்நோக்கிப் பரிசோதனை (எண்டோஸ்கோபி) பற்றிக் கேட்க வேண்டும். டானிக் வாங்கிக் கொடுத்து ஹீமோகுளோபின் ஏறிய சந்தோஷத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான், இந்த விஷயத்தில் என்னை மிகவும் வருத்துகிற பழக்கம். மலம் தார் போலக் கறுத்திருக்கிறதா, எடை குறைந்ததா, மலப்பழக்கம் மாறியதா என்று ஆச்சியிடம் கேளுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பார்கள், நீங்களே கேட்க வேண்டும். இரும்பு மாத்திரை தொடங்கிய பிறகு மலம் இயல்பாகவே கறுக்கும், ஆகவே அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வலி மாத்திரையை இன்றோடு நிறுத்தி, மூட்டுக்கு வேறு வழியை மருத்துவரிடம் பேசுங்கள்.

அறிக்கையைப் படிப்பதிலும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெருக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சராசரி அளவு சரியாகவே இருப்பது போல அச்சாகி வரும். அந்த வரியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இன்னொன்று, இரும்புக் குறைவால் வரும் ரத்தசோகையில் மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை உண்மையைவிட உயர்த்திக் காட்டலாம். சர்க்கரை மருந்தைக் கூட்டுவதற்கு முன்பு, விரலில் குத்திப் பார்க்கும் அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டி வைட்டமினில் அதிகம் பேச எதுவும் இல்லை. வெயில் கொளுத்தும் ஊரில் எப்படிக் குறையும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வெயில் ஊருக்குள் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும். அதுவும் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில். வளவு (வீட்டின் நடு முற்றம்) வாசலில் வத்தல் காயவைத்து, நெல் கிளறி, உச்சி வெயிலில் நின்றவர்களுக்கு அது தானாகக் கிடைத்தது. இப்போது பல வீடுகளில் வளவுக்கு மேலே பாலிகார்பனேட் தகடு போட்டுவிட்டார்கள். வெளிச்சம் வரும், வைட்டமின் செய்கிற புற ஊதாக் கதிர் வராது. கண்ணாடி ஜன்னலும் அதைத் தடுத்துவிடும். வயதான தோலும் கறுத்த தோலும் மெதுவாகத்தான் செய்யும். 14 என்பது குறைவுதான். 60,000 அலகு மருந்து வழக்கமாக வாரத்துக்கு ஒன்று என்று சில வாரங்களுக்குத் தரப்படும். அதைத் தினமும் சாப்பிட்டு ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. உறையின் மேல் நாளைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

கால்சியம் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். ஒரு பெரியவர் உடம்பில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பில். இதயம் துடிக்கவும் தசை அசையவும் ரத்தத்தில் கால்சியம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதால், வரவு குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். எனவே ரத்தத்தில் அளவு சரியாக இருப்பதை வைத்து எலும்பு உறுதியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒன்றுதான் அதைச் சொல்லும். ஆச்சியின் வயதுக்கு, டி வைட்டமினும் குறைந்திருப்பதால், எடுத்துப் பார்க்கலாம். கேழ்வரகும் எள்ளும் தயிரும் கால்சியம் நிறைந்தவை. ஆடிக்கு மட்டும் கூழ் காய்ச்சாமல் மற்ற மாதங்களிலும் காய்ச்சுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, உப்பு. கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் நிறைய இருக்கும் என்று நம்பிக் கல் உப்பு மட்டும் வாங்குபவர்கள் நம் பக்கத்தில் அதிகம். உப்பளத்து உப்பில் அயோடின் மிகக் குறைவு. சேர்க்கப்பட்டதா என்று பையைப் பார்த்து வாங்குங்கள், கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. ஆச்சியின் அசதிக்குத் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய மகளை நான் கடைசியாக நினைக்கவில்லை. பச்சரிசி, திருநீறு, சாக்பீஸ், பனிக்கட்டி இவற்றை அடங்காமல் மெல்ல வேண்டும் என்ற ஆசை இரும்புக் குறைவின் நன்கு தெரிந்த அறிகுறி. கெட்ட பழக்கம் என்று அவளைத் திட்டாதீர்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல். அவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே அது இயல்பு என்று ஆகிவிட்டது. ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தாலும் ஃபெரிட்டின் காலியாக இருக்கலாம், அந்த நிலையிலேயே அசதியும் கவனச் சிதறலும் வரும். ஆகவே அவளுக்கும் இரண்டையும் பாருங்கள். மாதவிலக்கில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டியாகப் போகிறதா, ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும், சும்மா கீரை கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. வெறுங்காலோடு வயலிலும் கண்மாய்க் கரையிலும் நடக்கிற பிள்ளையென்றால் கொக்கிப்புழுவையும் நினைக்க வேண்டும்.

அவள் கவிச்சி சாப்பிடுவாள் என்றால் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) ஈரலும் பழைய காலத்து நம்பிக்கை மட்டும் இல்லை, உண்மையிலேயே இரும்பு நிறைந்தவை. பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதாலேயே ரத்தம் ஊறும் என்பது அப்படி இல்லை, அவற்றில் இரும்பு சொற்பம். பருப்பும் கீரையும் சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் உறிஞ்சுதல் கூடும். காபியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

ஆனால் கிடங்கு காலியான பிறகு சாப்பாடு மட்டும் அதை நிரப்பாது, மாத்திரை வேண்டும். நாளுக்கு மூன்று வேளை விழுங்கி வயிற்றைப் புரட்டிக்கொள்ளத் தேவையில்லை. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஒரு சுரப்பை அனுப்பி, ஏறத்தாழ ஒரு நாளுக்கு மேலும் இரும்பை ஏற்க வேண்டாம் என்று குடலைத் தடுத்துவிடுகிறது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மாத்திரை என்பது பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். கால்சியம் மாத்திரையோடு அதைச் சேர்த்து விழுங்க வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் போல ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை போகவில்லை, அல்லது உறிஞ்சவில்லை, அல்லது கசிவு நிற்கவில்லை, திரும்பவும் தேட வேண்டும். ஏறினாலும் நிறுத்திவிடாதீர்கள், இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் ஆகும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: ஆச்சிக்கு பி12 ஊசியைத் தொடங்கும்படி கேளுங்கள், வலி மாத்திரையை நிறுத்துங்கள், மெட்ஃபார்மின் உட்பட அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவர் முன் கொட்டுங்கள், ரத்தம் எங்கே போகிறது என்ற கேள்வியை நேராகவே கேளுங்கள். போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.